குழந்தையின் மூளையுறையும் பி.சி.ஜி. ஊசியும்: தமிழகத்தில் ஒரு நோய்த்தடுப்பின் வரலாறு

முன்னுரை

தமிழகத்தில் 1980-களுக்குப் பிறகு பிறந்தவர்களில் பெரும்பாலோரின் இடது தோளில் ஒரு சிறு தழும்பு இருக்கும். அது பி.சி.ஜி. ஊசியின் தழும்பு. அந்த ஊசி எதற்கு என்று கேட்டால் ‘டி.பி. வராமல் இருக்க’ என்பார்கள். மருத்துவச் செய்திகளைக் கொஞ்சம் அறிந்தவர்கள், ‘செங்கல்பட்டில் சோதித்துப் பார்த்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்களே’ என்று மறுப்பார்கள். இரண்டு விடைகளும் பாதி உண்மை. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி நம் மண்ணில் தடுக்கவில்லை. ஆனால் சிறு குழந்தைகளின் மூளையுறையைக் காசக் கிருமி தாக்குவதைப் பெருமளவு தடுக்கிறது. இந்த வேறுபாடு தெளிவாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

அந்த அரை நூற்றாண்டில் நடந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது. மூளையுறை அழற்சிக்குப் பல கிருமிகள் காரணம். அவற்றுள் காசக் கிருமியால் வருவதை இங்கே மையமாகக் கொள்கிறோம். அதன் தடுப்பும் சிகிச்சையும் குறித்த முக்கியமான ஆய்வுகள் பல தமிழகத்திலேயே நடந்தன என்பது ஒரு காரணம். ஊசி மாறாமல் இருக்க, அது போடப்படும் வயது மாறியதுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி என்பது மற்றொரு காரணம். சென்னையில் எடுக்கப்பட்ட முடிவுகள் ஊருக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பதைக் காண, திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே உள்ள கொடைரோட்டை எடுத்துக்கொள்வோம்.

நோயின் இயல்பு

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று மெல்லிய உறைகள் போர்த்தியிருக்கின்றன. உள்ளிரண்டு உறைகளுக்கு நடுவே தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த உறைகளில் அழற்சி ஏற்படுவதே மூளையுறை அழற்சி. பேச்சு வழக்கில் இதையும் மூளையையே தாக்கும் அழற்சியையும் சேர்த்து ‘மூளைக்காய்ச்சல்’ என்கிறோம்.

காரணக் கிருமிகளைப் பொறுத்து நோயின் வேகம் மாறுகிறது. நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் எனப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா ‘பி’ வகை ஆகிய பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் ஆளைச் சாய்த்துவிடும். கடும் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், கழுத்து விறைப்பு, வலிப்பு, நினைவு தப்புதல் என்று வரிசையாக வரும். மெனிஞ்சோகாக்கஸ் தாக்கினால் தோலில் அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் தோன்றலாம். வைரஸால் வருவது பெரும்பாலும் தானே தணியும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களைக் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை தாக்குகிறது.

காசக் கிருமி இவற்றைப் போல் பாய்ந்து வருவதில்லை. குழந்தை ஒன்றிரண்டு வாரம் சரியாகச் சாப்பிடாது, விளையாடாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும், தொட்டதற்கெல்லாம் சிணுங்கும், மாலையில் லேசாக உடம்பு சுடும். சாதாரணக் காய்ச்சல் என்றோ, பல் முளைக்கிறது என்றோ, கண்ணேறு பட்டது என்றோ வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். பிறகு வாந்தியும் தலைவலியும் வலுக்கும். ஆறாவது மூளை நரம்பு பாதிக்கப்பட்டு மாறுகண் விழலாம். கழுத்து விறைக்கும், வலிப்பு வரும், கடைசியில் நினைவு போகும். கைக்குழந்தைகளுக்குக் கழுத்து விறைப்பு தெரியாமலே போகலாம். உச்சிக்குழி புடைத்துக்கொண்டிருப்பதுதான் அங்கே அடையாளம்.

இது எப்படி நிகழ்கிறது என்பதை 1933-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆர்னால்டு ரிச், ஹோவர்டு மெக்கார்டக் இருவரும் விளக்கினார்கள். காற்று வழியே நுரையீரலில் இறங்கும் கிருமி இரத்தத்தில் கலந்து மூளையை ஒட்டிய இடத்தில் சிறு கட்டியாகத் தங்குகிறது. அந்தக் கட்டி உடைந்து, உறைகளுக்கு நடுவே உள்ள நீரில் கிருமிகள் கொட்டும்போது நோய் வெளிப்படுகிறது. குழந்தைகளுக்கு முதல் தொற்று ஏற்பட்ட சில மாதங்களுக்குள்ளேயே இது நடந்துவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களையே அது அதிகம் தேடி வருகிறது. தடுப்புக்கு உரிய காலம் எவ்வளவு குறுகியது என்பது இதிலிருந்தே விளங்கும்.

மருந்தில்லாக் காலம்

ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் விட் இந்நோயின் படிநிலைகளை விரிவாக எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1768-இல் அது நூலாக வந்தது. அதை அவர் மூளையில் நீர் கோக்கும் நோய் என்றே கருதினார். 1882 மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் காக் காசக் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். 1891-இல் ஜெர்மனியின் ஹைன்ரிக் குவின்க்கே முதுகெலும்பு இடுக்கில் ஊசி செலுத்தி நீர் எடுக்கும் முறையை வகுத்தார். நோயறிதலில் இன்றளவும் அதுதான் அடிப்படை.

அந்த நீர் பேசும் மொழி மருத்துவர்களுக்குத் தெரியும். பாக்டீரியா அழற்சியில் அது கலங்கி வரும். வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்கள் மிகுந்திருக்கும். காச அழற்சியில் பார்வைக்குத் தெளிவாக இருக்கும். ஆனால் லிம்போசைட்டுகள் கூடியும் புரதம் உயர்ந்தும் சர்க்கரை குறைந்தும் காணப்படும். சோதனைக் குழாயில் அசைக்காமல் சில மணி நேரம் வைத்தால் நீருக்கு நடுவே சிலந்தி வலை போல ஒரு மெல்லிய படலம் உறையும். பழைய ஆய்வகங்களில் அந்தப் படலத்தை நோகாமல் எடுத்துக் கண்ணாடியில் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் கிருமியைத் தேடுவார்கள். நீரில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் பல நேரம் கண்ணில் படாது.

நோயை அறிந்தும் பயனில்லாத காலம் நெடுநாள் நீடித்தது. காச மூளையுறை அழற்சி கண்ட குழந்தை சில வாரங்களில் இறந்துவிடும் என்பதே விதியாக இருந்தது. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்த பிறகே அந்த விதி தளர்ந்தது. ஆனால் அம்மருந்து இரத்தத்திலிருந்து மூளை நீருக்குள் எளிதில் கசிவதில்லை. எனவே முதுகுத் தண்டிலேயே திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டியிருந்தது. 1952-இல் ஐசோனியசிட் வந்தது. விலை மலிவு, வாய்வழி கொடுக்கலாம், மூளை நீருக்குள் நன்றாக இறங்கும். குழந்தைகளை முதுகு ஊசியின் வதையிலிருந்து மீட்டது அந்த மாத்திரைதான்.

கிண்டிக்கு வந்த ஊசி

பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த கால்மெட், கெரான் இருவரும் மாட்டுக் காசக் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்து 1921-இல் முதன்முதலாக ஒரு பச்சிளங்குழந்தைக்குக் கொடுத்தார்கள். தொடக்கத்திலேயே அது பிறந்த குழந்தைக்கான மருந்தாகத்தான் இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் தடுப்பு மருந்தோடு நோய்க்கிருமி கலந்துபோனதால் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அந்த அச்சம் பல ஆண்டுகள் நீங்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டென்மார்க் செஞ்சிலுவைச் சங்கமும் யுனிசெஃபும் சேர்ந்து பல நாடுகளில் பி.சி.ஜி. இயக்கத்தை நடத்தின. இந்தியாவில் 1948-இல் அது தொடங்கியபோது, அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனை முன்னோடிக் களங்களில் ஒன்றாக அமைந்தது. அதே ஆண்டில் சென்னை கிண்டியில், கிங் நிறுவன வளாகத்தில், பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வகம் நிறுவப்பட்டது. நாட்டின் தேவைக்கான மருந்து அங்கிருந்தே சென்றது.

1951-இல் விரிந்த மக்கள் இயக்கத்தின் நடைமுறையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு குறை தெரியும். முதலில், ஏற்கெனவே காசத் தொற்று உண்டா என்று பார்க்க, கையில் டியூபர்குலின் சோதனை ஊசி. மூன்று நாள் கழித்து ஊழியர் திரும்பி வந்து தடிப்பை அளப்பார். தடிப்பு இல்லாதவர்களுக்கே பி.சி.ஜி. எனவே பிள்ளைகள் கூட்டமாகக் கிடைக்கும் பள்ளிக்கூடங்கள் இயக்கத்துக்கு வசதியாக இருந்தன. மூளையுறை அழற்சிக்கு இரையாகும் கைக்குழந்தையோ அம்மாவின் இடுப்பில் வீட்டில் இருந்தது. யாருக்கு ஆபத்து மிகுதியோ அவர்கள் ஊசியின் முதல் இலக்கில் இல்லை.

ராஜாஜியின் எதிர்ப்பு

இயக்கத்துக்கு எதிரான குரல் சென்னையிலிருந்தே எழுந்தது. சுகாதாரப் பொறியியல் துறையைச் சேர்ந்த ஏ.வி. ராமன் 1949 முதலே பி.சி.ஜி.க்கு எதிராக எழுதிவந்தார். முதலமைச்சர் பதவியிலிருந்து 1954-இல் விலகிய ராஜாஜி, இந்த ஊசியைத் தாம் எதிர்ப்பது ஏன் என்று விளக்கி 1955-இல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நோயற்ற குழந்தைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவது சரியா, பயன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படாத ஒன்றை நாடு முழுவதும் பரப்பலாமா என்பன அவருடைய கேள்விகள். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் இயக்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார்.

ராஜாஜியைப் பிற்போக்காளர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அன்றைய சான்றுகளை வைத்துப் பார்த்தால் அவருடைய ஐயத்தில் நியாயம் இருந்தது. இந்திய மண்ணில் பெரிய அளவில் முறைப்படி நடந்து முடிவு தந்த சோதனை ஏதும் அதுவரை இல்லை. அதே வேளையில் இரு தரப்பாரும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தார்கள்: நாட்டில் காசநோய் குறையுமா, குறையாதா? கைக்குழந்தையின் மூளை அந்த வாதத்தின் நடுவில் வந்து உட்காரவே இல்லை.

மதுரையில் 1940-இல் திறக்கப்பட்ட எர்ஸ்கின் மருத்துவமனைதான் பின்னாளில் அரசு இராசாசி மருத்துவமனை ஆயிற்று. தென்மாவட்ட மக்களுக்கு அது ‘பெரியாஸ்பத்திரி’. அங்கே பிறக்கும் குழந்தைக்கும் நாட்டின் தடுப்பூசி அட்டவணைப்படி முதலில் போடப்படுபவற்றுள் பி.சி.ஜி. ஒன்று. அதை எதிர்த்தவரின் பெயரைத் தாங்கிய மருத்துவமனையிலேயே அது நடக்கிறது.

சேத்துப்பட்டும் செங்கல்பட்டும்

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கூடி உருவாக்கிய மையம் அது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்று, மதுரையிலும் கிளையோடு இயங்குகிறது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த அதன் முதல் ஆய்வு, வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிடுவோரும் சானடோரியத்தில் தங்கிச் சாப்பிடுவோரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாவதை 1959-இல் காட்டியது.

நம் பொருளுக்கு அதைவிட முக்கியமானது அதன் தொடர்ச்சி. நோயாளியின் வீட்டாரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து தொடங்கிவிட்டால் தொற்றும் ஆற்றல் விரைவில் குறைந்துவிடுகிறது. வீட்டுக்குள் கிருமி பரவுவது பெரும்பாலும் நோய் கண்டறியப்படாமல் இருமிக்கொண்டிருந்த காலத்தில்தான். ஒரே அறையில் தாத்தா இருமிக்கொண்டிருக்க, பக்கத்துத் தொட்டிலில் பேரன் தூங்கும் வீடுகளுக்கு இந்த முடிவின் பொருள் தெளிவு. பெரியவரின் சளியை எவ்வளவு சீக்கிரம் பரிசோதிக்கிறோமோ அவ்வளவுக்குக் குழந்தையின் மூளை தப்பும்.

1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி.யின் பயனை அளக்கும் மாபெரும் சோதனை தொடங்கியது. உலகில் நடந்த பி.சி.ஜி. சோதனைகளில் அதுவே மிகப் பெரியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பி.சி.ஜி.யோ வெற்று ஊசியோ பெற்றார்கள். ஏழரை ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் முடிவு அதிர்ச்சி தந்தது: சளியில் கிருமி காணப்படும் நுரையீரல் காசத்தைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை. 1999-இல் வெளியான பதினைந்து ஆண்டு முடிவும் அதையே உறுதி செய்தது.

இந்த முடிவைப் படிக்கும்போது சோதனை எதை அளந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அது அளந்தது சளியில் கிருமியைக் கக்கும் நுரையீரல் காசத்தை. அது பெரும்பாலும் பெரியவர்களின் நோய். சிறு குழந்தைகள் சளியைத் துப்புவதுமில்லை. அவர்களைக் கொல்லும் காசம் நுரையீரலில் மட்டும் நிற்பதுமில்லை. குழந்தையின் மூளையுறை அழற்சி அந்தச் சோதனையின் அளவுகோலுக்கு வெளியே இருந்தது. மேலும் அப்பகுதி மண்ணிலும் நீரிலும் காசக் கிருமியின் உறவுக் கிருமிகள் நிறைந்திருந்தன. அவற்றோடு ஏற்கெனவே பழகிவிட்ட உடலில் பி.சி.ஜி. புதிதாகச் சேர்ப்பது குறைவு என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. பிறந்த அன்றே போட்டால் அந்தப் பழக்கம் ஏற்படுமுன் ஊசி முந்திக்கொள்கிறது.

செங்கல்பட்டு முடிவை ஆராய்ந்த வல்லுநர்களும் கைக்குழந்தைகளுக்கு ஊசியைத் தொடரவே பரிந்துரைத்தார்கள். 1996-இல் சென்னை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, மூளையுறை அழற்சி கண்ட குழந்தைகளையும் அதே வயதுடைய பிற குழந்தைகளையும் ஒப்பிட்டு, ஊசி பெற்றவர்களுக்கு அந்நோய் கணிசமாகக் குறைவு என்று காட்டியது. 2006-இல் லான்செட் இதழில் வந்த கணக்கீடு இதை உலக அளவில் சொன்னது. 2002-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடிக் குழந்தைகளுக்குப் போடப்பட்ட பி.சி.ஜி., சுமார் 30,000 பேருக்குக் காச மூளையுறை அழற்சி வராமல் தடுத்திருக்கும் என்பது அதன் மதிப்பீடு.

கொள்கையும் இதற்கேற்ப நகர்ந்தது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்தின் காலத்தில் டியூபர்குலின் சோதனை கைவிடப்பட்டு, இருபது வயதுக்கு உட்பட்டோருக்கு நேரடியாக ஊசி போடப்பட்டது. 1978-இல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டமும் 1985-இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் அதைப் பச்சிளங்குழந்தையின் ஊசியாக்கின. கால்மெட் 1921-இல் தொடங்கிய இடத்துக்கே அது வந்து சேர்ந்தது.

எழும்பூரும் வேலூரும் கற்றுத்தந்தவை

தடுப்பையும் மீறி நோய் வந்த குழந்தைகளுக்கு என்ன செய்வது? சேத்துப்பட்டு மையம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையோடு சேர்ந்து மூன்று சிகிச்சை ஆய்வுகளை நடத்தி 1986-இல் வெளியிட்டது. மொத்தம் 180 குழந்தைகள். ரிஃபாம்பிசின் உட்பட அன்று கிடைத்த சிறந்த மருந்துகள், ஓராண்டுச் சிகிச்சை. அப்படியும் 27 விழுக்காட்டினர் இறந்தார்கள்; 39 விழுக்காட்டினர் நரம்புக் குறைபாட்டோடு பிழைத்தார்கள்; 34 விழுக்காட்டினர் மட்டுமே முழுமையாகக் குணமானார்கள்.

இந்த ஆய்வு இரண்டு பாடங்களைத் தந்தது. ஐசோனியசிட்டின் அளவைக் கூட்டி ரிஃபாம்பிசினோடு தினமும் கொடுத்தால் மஞ்சள் காமாலை மிகுதியாக வருகிறது. அளவைக் குறைத்தபோது காமாலையும் குறைந்தது. இது மருத்துவர்களுக்கான பாடம். மற்றது பெற்றோருக்கும் உரியது: பிழைப்பதையும் சாவதையும் தீர்மானிப்பதில் மருத்துவமனைக்கு வந்து சேரும்போது குழந்தை இருந்த நிலைக்குப் பெரும் பங்கு உண்டு. நினைவோடு, நரம்புப் பாதிப்பின்றி வந்தால் அது முதல் நிலை. ஆழ்ந்த மயக்கத்தில் வந்தால் மூன்றாம் நிலை. மூன்றாம் நிலையில் வந்தவர்களிடையேதான் சாவு மிகுதி.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 1991-இல் வந்த ஆய்வும் இதையே வேறு வழியில் சொன்னது. காச மூளையுறை அழற்சியில் மூளை நீரின் வடிகால் அடைபட்டுத் தலைக்குள் நீர் தேங்கும். குழாய் வைத்து அந்த நீரை வயிற்றுக்குள் இறக்கும் ஷண்ட் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளி இருக்கும் நிலையை அவர்கள் நான்காக வகுத்தார்கள். முதல் நிலையில் ஐவரில் ஒருவர் இறக்க, நான்காம் நிலையில் இருந்தவர்களுள் நீண்ட கால நோக்கில் ஒருவரும் பிழைக்கவில்லை. ‘வேலூர் நிலைப்பிரிவு’ என்ற பெயரில் உலக நரம்பு அறுவை மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

தாமதத்துக்குப் பெற்றோரின் அச்சமும் ஒரு காரணம். ‘முதுகில் நீர் எடுத்தால் கை கால் விளங்காமல் போய்விடும்’ என்ற பேச்சு ஊர்ப்புறத்தில் இன்றும் உண்டு. ஊசி செல்வது தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, இடுப்புப் பகுதி முதுகெலும்பு இடுக்கில்; எடுப்பது சில சொட்டு நீர். கை கால் விளங்காமல் போவது கவனிக்காமல் விட்ட நோயால்தான்.

மற்றக் கிருமிகளுக்கான ஊசிகள்

பிற பாக்டீரியாக்களின் கதை வேகமாக நகர்ந்தது. 1990-களில் வேலூர், சென்னை உள்ளிட்ட நகரங்களின் மருத்துவமனைகள் கூடி நடத்திய கண்காணிப்பு ஆய்வு, இந்தியக் குழந்தைகளுக்கு வரும் மூளையுறை அழற்சியில் ஹிப், நியூமோகாக்கஸ் இரண்டின் பங்கையும் வெளிக்கொணர்ந்தது. ஹிப் தடுப்பு அடங்கிய பெண்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும் முதலில் தொடங்கப்பட்டது. தடுப்பூசி போடுவதில் இவ்விரு மாநிலங்களும் முன்னணியில் இருந்ததே காரணம். அப்போதும் தேவையா, பாதுகாப்பானதா என்ற எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் தொடரப்பட்டது. நியூமோகாக்கஸ் ஊசி 2021-இல் தமிழகத்தின் அரசு அட்டவணையில் சேர்ந்தது.

மெனிஞ்சோகாக்கஸ் நம் நாட்டில் அலையாக வந்து போவது. டெல்லியில் 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளில் கொள்ளை நோயாகப் பரவியது. அதற்கான ஊசி நம் பொது அட்டவணையில் இல்லை. ஹஜ் பயணிகள் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் நிலப்பகுதியில் அது பல்லாயிரம் உயிர்களைக் குடித்துவந்தது. 2010-இல் புனேயின் சீரம் நிறுவனம் ஒரு ஊசி அரை டாலருக்கும் குறைவான விலையில் தயாரித்த மருந்து, அங்கே ‘ஏ’ வகைக் கிருமியை ஏறத்தாழ ஒழித்துவிட்டது. 2030-க்குள் மூளையுறை அழற்சியை வெல்லும் செயல்திட்டத்தை உலக சுகாதாரப் பேரவை 2020-இல் ஏற்றது.

கொடைரோட்டிலிருந்து பார்த்தால்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் இறங்கும் ரயில் நிலையம் என்பதே கொடைரோட்டுக்கு வெளியூரில் உள்ள அடையாளம். அம்மையநாயக்கனூர் பேரூராட்சிக்கு உட்பட்ட இந்த ஊரைச் சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்களும் நூற்பாலைகளும் உள்ளன. 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. குழந்தைக்கு வலிப்பு வந்தால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவதே வழக்கம். முதுகு நீர் எடுக்கவும் சோதிக்கவும் வசதி அங்கேதான் இருந்தது.

ஊசி போடும் வயது மாறியது அரசுத் திட்டங்களின் முடிவால் மட்டும் நடக்கவில்லை. பிறப்பு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நகர்ந்ததால்தான் அது கைகூடியது. மருத்துவச்சி வீட்டில் பார்த்த பிரசவத்தில், பிறந்த குழந்தைக்கு யார் ஊசி போடுவது? கொடைரோட்டுக்கு அடுத்து அம்பாத்துரை, சின்னாளபட்டி வட்டாரத்தில் டாக்டர் டி.எஸ். சௌந்தரம் அம்மையார் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவினார். அதன் கஸ்தூர்பா மருத்துவமனையும், 1964-இல் உருவான காந்திகிராம ஊரக சுகாதார, குடும்ப நல நிறுவனமும் தாய் சேய் நலத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோனதில் முன்னோடிகள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழகத்தில் இன்று 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. பி.சி.ஜி. பிறந்த குழந்தையை அடைவதற்கான வழி இதுதான்.

அந்த ஊசியைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பழுப்பு நிறக் குப்பியில் வரும் உலர் மருந்து. கரைத்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பிறந்த குழந்தைக்கு 0.05 மி.லி. மட்டுமே. இடது மேற்கையில், தசைக்குள் போகாமல் தோலுக்குள்ளேயே ஏற்ற வேண்டும். சரியாகப் போட்டால் அந்த இடம் சிறு வெண்குமிழாக எழும். இரண்டு மூன்று வாரத்தில் அங்கே ஒரு சிறு கட்டி தோன்றி, பிறகு புண்ணாக உடைந்து, ஆறித் தழும்பாகும். மஞ்சளோ களிம்போ தடவத் தேவையில்லை. 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலன்ட், 6, 14 வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் நியூமோகாக்கஸ் ஊசி என்று கிராம சுகாதார செவிலியரின் அட்டை தொடர்கிறது.

சிகிச்சையும் நெருங்கி வந்திருக்கிறது. 2022 ஜனவரியில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இப்போது கொடைரோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. முதுகு நீரில் காசக் கிருமியின் மரபணுவைச் சில மணி நேரத்தில் தேடும் சோதனையும் வந்துவிட்டது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, 1955-இல் எழுந்த ஐயமும் 1999-இல் வந்த முடிவும் பி.சி.ஜி.யின் வரம்பைக் காட்டினவே தவிர, அதன் பயனைப் பொய்யாக்கவில்லை. நுரையீரலை வைத்து அளந்ததால் மூளையுறைக்கு அது செய்த நன்மை கணக்கில் வராமல் போயிற்று. இரண்டாவது, ஊசியின் பயனை வெளிக்கொணர்ந்தது புதிய மருந்தல்ல, சரியான வயது. அந்த வயதை எட்ட ஆய்வகமும் பிரசவ வார்டும் கைகோக்க வேண்டியிருந்தது. மூன்றாவது, பி.சி.ஜி. எல்லாக் குழந்தைகளையும் காப்பதில்லை. ஊசி போட்ட குழந்தைக்கும் நோய் வரலாம். எழும்பூரின் 180 குழந்தைகள் காட்டியபடி, வந்தபின் பெரிதும் காப்பது நேரத்தோடு போவதுதான்.

தடுப்பில் இன்னும் முழுமையாகக் கைக்கொள்ளாத ஒரு வழி இருக்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவருக்குச் சளியில் காசம் என்று தெரிந்தால், அங்குள்ள ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது அரசுத் திட்டத்தின் விதி. ஐசோனியசிட் என்றால் ஆறு மாதம். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். ‘குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாத்திரை’ என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். நன்றாக இருக்கும்போது கொடுப்பதற்குத்தான் அந்த மாத்திரை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் வீட்டில் இருந்தால் சளியைப் பரிசோதியுங்கள். காய்ச்சலும் வாந்தியும் சோர்வும் ஒரு வாரம் தாண்டிய குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முதுகு நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள்.